கார் இருக்கும்போது எதுக்கு நடக்கறே?

சனி, எல்-பூர்

"ஏண்டி, கார் இருக்கும்போது எதுக்கு நடக்கறே? ஏதாவது வேண்டுதலா?"

காலையில் பை கட்டிக்கொண்டிருந்தபோது காரைக்காலிலிருந்து அம்மா போனில் கேட்டது இது. வேண்டுதல் எல்லாம் இல்லை, சும்மாதான் என்றேன். சும்மா நடப்பதற்கா மூன்று நாள் என்று அவள் இன்னும் குழம்பிப்போனாள். கடைசியில், பாம்பு இருக்குமா என்ற ஒரே கேள்வியில் வந்து நின்றாள். ரீயூனியனில் விஷப்பாம்பே கிடையாதும்மா என்றதும் "சரி, போயிட்டு வா" என்று போனை வைத்துவிட்டாள். எங்கள் பக்கத்து அம்மாக்களுக்கு அந்த ஒரு பதில் போதும்.

நாங்கள் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் இந்தப் பிரெஞ்சுத் தீவுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. வீட்டுக்காரரின் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. பாரிஸ் புறநகரில் கொஞ்ச காலம் குளிரில் நடுங்கிவிட்டு, வேலை மாற்றலில் தீவின் தலைநகரான சேன்-தெனிக்கு வந்து சேர்ந்தோம். முதல் நாலு வருஷம் ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கும். மதியத்துக்கு மேல் கடைகளைப் பூட்டிவிடுவார்கள், தெரு காலியாகிவிடும், நான் சோபாவில் சாய்ந்து சீரியல் பார்த்தபடி அப்படியே தூங்கிப்போவேன். இந்த ஊர்க்காரர்கள் எல்லாம் அன்றைக்கு எங்கேதான் போய்த் தொலைகிறார்கள் என்பது ரொம்ப நாள் புரியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்தது: பாதிப் பேர் கடற்கரையில் சட்டியும் பானையுமாக இருப்பார்கள், மீதிப் பேர் மலையில் நடந்துகொண்டிருப்பார்கள். மலைநடைக்கு இங்கே ராந்தோ என்று பெயர். திங்கட்கிழமை ஆபீசில் "எந்த ராந்தோ போனே?" என்று கேட்பது, நம்மூரில் என்ன படம் பார்த்தே என்று கேட்பது மாதிரி. இரண்டு வருஷமாக நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன். ஆனால் எல்லாம் ஒரு நாள் நடைதான், ராத்திரி மலைக்குள் தங்கியது இல்லை. இப்போது பையனுக்கு மே மாத விடுமுறை, அதனால் துணிந்தாயிற்று.

நான், பதிமூன்று வயசுப் பையன், பாண்டிச்சேரி அண்ணன், அண்ணி. சொந்தம் இல்லை, ஊர்ப்பக்கத்துப் பழக்கம் தான். அண்ணன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், காலை நாலு மணிக்கு யாராவது விசில் அடித்தால் இப்போதும் எழுந்து நிற்பார். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் சரியில்லை (அது உண்மையா சாக்கா என்று ஆறு வருஷமாக என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை). அவர் டிரைவர். நாளைக்கு எங்களைச் சலாசி பக்கம் மலையில் இறக்கிவிட்டு, செவ்வாய்க்கிழமை சிலாவோஸ் பக்கம் வந்து ஏற்றிக்கொள்வார். வரைபடத்தில் சலாசியும் சிலாவோஸும் அடுத்தடுத்த வீடு மாதிரித் தெரியும். இரண்டும் 3,070 மீட்டர் உயரமான பித்தோன் தெ நேழ் என்ற அணைந்த எரிமலையைச் சுற்றி இடிந்தும் அரித்தும் உண்டான பெரும்பள்ளங்கள். மூன்றாவது பள்ளம் மஃபாத், நாங்கள் போவது அங்கே. நாங்கள் குறுக்கே நடந்து தாண்டுவதை, இவர் கிழக்குக் கரைக்கு இறங்கி, நடு மேட்டுநிலத்தின் மேல் ஏறி, தெற்குக் கரைக்கு இறங்கி, மறுபடி மலையேறி வந்து பிடிக்க வேண்டும்.

சலாசிக்குள் நுழைந்ததுமே பந்தல் பந்தலாக சௌசௌ. பந்தலோடு நிற்கவில்லை, சரிவு, வேலி, மின்கம்பம் என்று எதைப் பார்த்தாலும் ஏறிப் படர்ந்திருக்கிறது. இங்கே அதற்கு சூசூ என்று பெயர். காயைக் கூட்டு வைப்பதும் கொழுந்தைக் கீரை மாதிரி வதக்குவதும் எல்லா வீட்டிலும் உண்டு. ஊரில் ஒருவரும் சீந்தாத சௌசௌவுக்கு இங்கே இருக்கும் மரியாதையைப் பார்த்து அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ராத்திரி தங்கல் எல்-பூரில். பிரெஞ்சில் அந்தப் பெயரின் முதல் எழுத்தான H வாயில் வராது, ஆங்கிலம் படிக்கிற பையன் பலகையைப் பார்த்துவிட்டு "நரகத்துக்கு வந்துட்டோம்மா" என்றான். எல் என்பது ஒரு கவர்னரின் பெயர், அவ்வளவுதான். ஒரு காலத்தில் வெந்நீர் ஊற்றுக்காகப் பணக்காரர்கள் வந்து தங்கிய ஊர், 1948 புயலில் ஊற்று மூடிப்போனது. மர வீடுகளும் தோட்டங்களும் அப்படியே இருக்கின்றன.

ஞாயிறு, லா நூவெல்

அண்ணன் நாலரைக்கு எழுப்பினார். இந்த மலையில் பத்து, பதினோரு மணிக்கெல்லாம் மேகம் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும் என்பதால் எல்லாரும் விடியலிலேயே கிளம்புவார்கள், அது நியாயம்தான், ஆனாலும் நாலரை கொஞ்சம் அதிகம்.

மஃபாத்துக்குள் சாலையே கிடையாது. நடந்து போகலாம், இல்லை என்றால் ஹெலிகாப்டர். கோல் தே பெ, நம் பாஷையில் மாட்டுக் கணவாய், அதற்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தில் எங்களை இறக்கிவிட்டு இவர் கையாட்டினார். முகத்தில் ஏக சந்தோஷம். மூன்று நாள் ரிமோட் அவர் கையில்.

பலகையில் லா நூவெல் இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தது. இங்கே மலைப்பாதைப் பலகைகளில் மணிக்கணக்கு தான். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த இரண்டு மணி யாருடைய காலுக்கு என்று யாரும் எழுதி வைப்பதில்லை. எங்களுக்கு மூன்றரை ஆனது. கணவாய் வரை ஏற்றம், அங்கிருந்து கீழே எட்டிப் பார்த்தால் பள்ளம் முழுக்க கூர் கூராக முகடுகள், நடுநடுவே கைக்குட்டை விரித்த மாதிரிக் கொஞ்சம் சமதரை, அதில் தகரக் கூரைகள். அந்தச் சமதரைத் துண்டுகளைத்தான் ஈலே என்கிறார்கள், குட்டித்தீவு என்று அர்த்தம். நாலு பக்கமும் கடலுக்குப் பதிலாக அதலபாதாளம்.

இறக்கத்தில் ஒரு சமவெளி வருகிறது, பெயர் தமரேன் சமவெளி. தமரேன் என்றால் பிரெஞ்சில் புளி. நான் பெரிய ஆசையோடு போனேன், மலை மேல் புளியந்தோப்பு, நாலு பழமாவது பொறுக்கிக்கொண்டு வந்து ரசம் வைக்கலாம் என்று. பார்த்தால் புளியும் இல்லை ஒன்றும் இல்லை, அது ஒரு வகை அக்கேசியா மரம், இந்தத் தீவுக்கே உரியது. பெயர் வைத்தவர் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. ஏமாற்றம் இரண்டு நிமிஷம்தான். புயல்களுக்கு வளைந்து வளைந்து மரங்கள் தரையில் முழங்கை ஊன்றிப் படுத்திருப்பது போல இருந்தன, கிளையெல்லாம் நரைத்த தாடி மாதிரிப் பாசி, இடையில் மாடுகள் மேய்கின்றன, மூடுபனி உள்ளே வந்து போகிறது. யாரும் பேசவில்லை. பையன் கூட.

ஒரு குட்டிக் குருவி வழி நெடுகக் கூடவே வந்தது. தெக்-தெக் என்று கத்துவதால் பெயரும் தெக்-தெக். மனிதர் நடந்தால் பூச்சி கிளம்பும் என்று வருகிறதாம். நான் பாசம் என்று நினைத்தேன்.

லா நூவெல்லில் பள்ளிக்கூடம், தேவாலயம், சின்னக் கடை எல்லாம் உண்டு. மின்கம்பி கிடையாது, சூரியத் தகடுகள்தான். அரிசி, சிமெண்டு, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஹெலிகாப்டரின் வயிற்றில் வலை கட்டித் தொங்கி வருகிறது. குப்பையும் அதே வழியில்தான் வெளியே போகிறது. சுற்றுலா ஹெலிகாப்டர்கள் தனி, பையன் மதியத்துக்குள் இருபத்தொன்று எண்ணிவிட்டான். இவ்வளவு கஷ்டப்பட்டு நடந்து வந்து அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது தலைக்கு மேலே அந்த இரைச்சல் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் உடம்பு முடியாமல் போனால் வருவதும் ஒரு ஹெலிகாப்டர்தான், அதனால் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன். முன்பெல்லாம் தபால்காரரே ஈலே ஈலேயாக நடந்துதான் கடிதம் கொடுத்தாராம், ஒரே மனிதர், பல பத்தாண்டுகள். அவரிடம் போய் அம்மா என்ன கேட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கும் விடுதிக்கு ழீத் என்று பெயர். அடுக்குக் கட்டில், ஒரு அறையில் எட்டுப் பேர், ராத்திரி ஏழு மணிக்கு எல்லாருக்கும் ஒரே நீள மேசையில் சாப்பாடு. சோறு, பீன்ஸ் கொட்டைக் குழம்பு, கோழி காரி, காரமான தக்காளி ருகாய். காரி நம் கறி, ருகாய் நம் ஊறுகாயிலிருந்து வந்தது என்பார்கள், இங்கே தொக்கு மாதிரிப் பக்கத்தில் வைக்கிறார்கள். பிரான்சிலிருந்து வந்திருந்த ஒருவர் ருகாயைக் காய்கறி என்று நினைத்து ஒரு கரண்டி நிறைய வாயில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த மேசையில் எல்லாரும் சிநேகிதர்கள் ஆகிவிட்டோம்.

திங்கள், மார்லா

இன்றைய கதை முழுக்க என் ஷூ.

லா நூவெல்லிலிருந்து கிளம்பி அரை மணி கூட ஆகவில்லை, வலது காலில் சப் சப் என்று ஏதோ அடித்தது. குனிந்து பார்த்தால் அடிப்பாகம் முன்னால் பிளந்து முதலை வாய் மாதிரித் திறந்து மூடுகிறது. பாரிஸில் வாங்கி, நல்ல ஷூவாச்சே என்று பத்திரமாகப் பெட்டியில் வைத்திருந்தது. அங்கேதான் தப்பு. அண்ணன் சொன்னார், இந்த மாதிரி ஷூவைப் போட்டுத் தேய்த்தால் கூட உழைக்கும், போடாமல் வைத்தால் ஈரக்காற்றில் உள்ளே இருக்கும் பசையும் நுரையும் மக்கிப் பொடியாகிவிடும் என்று. பட்டுப்புடவையைப் பீரோவில் வைத்து இற்றுப்போகவிடும் கைதானே, ஷூவை மட்டும் விடுமா. அவர் பையிலிருந்து நைலான் கயிறு எடுத்து, குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, ஏதோ பட்டாளத்து முடிச்சு போட்டார். கயிறு கல்லில் தேய்ந்து ஒரு மணிக்கு ஒரு முறை அறுந்தது. மூன்று முறை கட்டினார், மூன்று முறையும் சலித்துக்கொள்ளவில்லை, நான்காவது முறை மட்டும் "தங்கச்சி, ஊருக்குப் போனதும் முதல் வேலை இதைத் தூக்கிப் போடு" என்றார்.

அதனால் மார்லாவுக்கு வந்ததும் நான் நடையை நிறுத்திவிட்டேன். பையனும் அண்ணனும் மூன்று பாறை அருவிக்குப் போய் வந்தார்கள், தண்ணீர் ஒரு பிளவுக்குள் விழுந்து காணாமலே போகிறது என்று பையன் வந்து கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். எனக்கு வருத்தம்தான், பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்த இரண்டு மூன்று மணி நேரம் அண்ணியோடு வாசல் பலகையில் உட்கார்ந்திருந்தது இந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்த நேரமாகிவிட்டது. மார்லா 1,600 மீட்டருக்கு மேல், மஃபாத்தில் உயரமான ஊர், எதிரே செங்குத்துச் சுவர் மாதிரி மலை. மஃபாத் என்பதே ஒரு மனிதரின் பெயர். காபித் தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள் இந்தப் பள்ளங்களுக்குள் ஒளிந்து வாழ்ந்தார்கள், அவர்களில் ஒரு தலைவர் அவர். 1751-ல் பிடிக்க வந்தவர்கள் கொன்றுவிட்டார்கள். சாலை இல்லாதது அன்றைக்கு அவர்களுக்குப் பாதுகாப்பு, இன்றைக்கு எங்களுக்குப் பொழுதுபோக்கு. அண்ணியிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நம்மாளுங்க?" என்றார். நம்மாட்கள் அப்புறம் வந்தவர்கள். 1848 டிசம்பர் 20-ல் அடிமை முறை ஒழிந்தது, கரும்பு வெட்ட ஆள் வேண்டும், ஒப்பந்தக் கூலியாகப் பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏற்றினார்கள். நான் சின்ன வயசில் சுண்டல் தின்றுகொண்டு நடந்த அதே கடற்கரையில். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை அண்ணிக்கு அசைவம் கிடையாது. விடுதிக்காரம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த அம்மா "விரதமா, மல்பார் வீட்டில் இருப்பார்களே, தெரியும்" என்று தனியாகக் கீரையும் கொட்டைக் குழம்பும் வைத்துக்கொடுத்தார். அப்படிக் கப்பலேறி வந்த நம்மாட்களின் வம்சத்துக்கு இங்கே மல்பார் என்று பெயர். பாரிஸில் இதைப் புரியவைக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆகும்.

ராத்திரி நல்ல குளிர். இரண்டு கம்பளி, காலில் இரண்டு ஜோடி சாக்ஸ்.

செவ்வாய், சிலாவோஸ்

தாயிபித் கணவாய், 2,080 மீட்டர் சொச்சம். மார்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில்தான் தெரியும். மரக்கட்டை பதித்த படி, கல் படி, மறுபடி மரக்கட்டை. படிகள் எல்லாம் என் முழங்காலைவிடக் கொஞ்சம் அதிகமாக உயரம் வைத்துச் செய்தது போல. பழனி படி இதற்கு முன்னால் மொட்டை மாடிப் படிக்கட்டு. ஷூவை இந்த முறை விடுதிக்காரர் கொடுத்த அகலமான பிசின் நாடாவால் கட்டுப் போட்டிருந்தோம், கடைசி வரை தாங்கியது.

பாதி வழியில் எழுபது வயசு இருக்கும் ஒரு பெரியவர் என்னைத் தாண்டி ஓடினார். ஓடினார், நடக்கவில்லை. அக்டோபரில் தீவையே குறுக்காகக் கடக்கும் பைத்தியக்காரர்களின் ஓட்டம் ஒன்று உண்டு, நான் வைத்த பெயர் இல்லை, பிரெஞ்சிலேயே அப்படித்தான் சொல்கிறார்கள், 160 கிலோமீட்டருக்கு மேல், மொத்த ஏற்றம் 10,000 மீட்டர் அளவுக்கு. இந்தக் கணவாயும் அந்தப் பாதையில் வருகிறது. ஜெயிப்பவர்கள் ஏறக்குறைய ஒரு நாளில் முடித்துவிடுகிறார்கள். அதற்குத்தான் பழகுகிறாராம். "கூராழ்!" என்று எனக்குத் தைரியம் சொல்லிவிட்டு மறைந்துபோனார். பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

உச்சியில் நின்றபோது ஒரு பக்கம் மஃபாத் வெயிலில், மறு பக்கம் சிலாவோஸ் மேகத்தில். பையன் தன் பையிலிருந்து கடைசி முறுக்குப் பொட்டலத்தை எடுத்தான், எனக்கே தெரியாமல் மூன்று நாள் ஒளித்து வைத்திருக்கிறான். எனக்குக் கோபப்படத் தோன்றவில்லை. நாலு பேரும் பங்கு போட்டோம்.

இறக்கம் 800 மீட்டருக்கு மேல். ஏற்றத்தில் நெஞ்சு திட்டும், இறக்கத்தில் முழங்கால் திட்டும், இரண்டுக்கும் நடுவே சமதரையே கிடையாது. சாலையைத் தொட்டபோது கால் தானாக ஆடியது. எதிரே இவர், காருக்கு மேல் சாய்ந்துகொண்டு, டிபன் கேரியரோடு. தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும். சிலாவோஸ் சாலையில் நானூறுக்கு மேல் வளைவு, எதிரே பஸ் வந்து குகை மாதிரி ஒற்றை வழிச் சுரங்கத்தில் பின்னாடியே எடுக்க வேண்டியதாகிவிட்டது, "நீங்க நடந்ததே தேவலை" என்றார். 1932-ல்தான் அந்தச் சாலையே வந்தது, அதற்கு முன்னால் வெந்நீர் ஊற்றுக்கு வந்த பணக்காரர்களை நாற்காலியில் வைத்து ஆட்கள் தூக்கி வந்தார்களாம்.

புதன்

படி இறங்க முடியவில்லை. பின்னோக்கி இறங்கினால் வலி குறைவு, அப்படித்தான் விடுதி மாடியிலிருந்து காபிக்கு வந்தேன். சிலாவோஸ் பருப்பு இரண்டு கிலோ வாங்கினேன், சின்னச் சின்னதாகப் பழுப்பு நிறம், விலை அதிகம். வீட்டுக்கு வந்து பூண்டு தட்டிப் போட்டு ரசம் வைத்தேன், பிரமாதம். உள்ளூர்க்காரர்களிடம் சொல்லாதீர்கள், அவர்கள் வைக்கும் பக்குவம் வேறு.

ஞாயிறு, எத்தான் சலே

வியாழனும் வெள்ளியும் எழுத ஒன்றும் இல்லை, துணி துவைத்தேன். சனிக்கிழமை ஷூ வாங்கினேன், பழையதை அண்ணன் சொன்னபடி தூக்கிப் போட்டேன்.

இன்று பக்கத்து வீட்டு அக்காவின் குடும்பத்தோடு பிக்னிக். விடியலிலேயே ஆள் அனுப்பி மரத்தடியில் இடம் பிடித்து வைத்திருந்தார்கள், காலையில் லேட்டாகப் போனால் நிழல் கிடைக்காது. இங்கே பிக்னிக் என்றால் சாண்ட்விச் இல்லை. இரும்புச் சட்டி, விறகு, அரிசி மூட்டை, பாய், பாட்டிக்குத் தனி நாற்காலி, எல்லாம் வரும். காணும் பொங்கலை வாரா வாரம் கொண்டாடுகிற ஜனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண் எரிமலைக் கருப்பு, வெயில் ஏறினால் செருப்பு இல்லாமல் கால் வைக்க முடியாது. கடலுக்குள் கண்ட இடத்தில் இறங்கக் கூடாது, சுறா தாக்குதல்களால் 2013-லிருந்து தடை, காவலர் இருக்கும் இடத்திலும் பவளப்பாறைக்கு உள்ளே அமைதியாக இருக்கும் தண்ணீரிலும்தான் குளிக்கலாம். எங்களுக்கு என்ன, குளிக்கவா போனோம்.

அக்கா மல்பார். தமிழ் பேச வராது, பிரெஞ்சிலிருந்து உண்டான இந்தத் தீவின் பேச்சுமொழி கிரெயோல்தான். ஆனால் அடுப்புப் பக்கம் போனால் நமக்குத் துபாஷி வேண்டாம். ஆட்டுக்கறி மசாலே கொதிக்கும்போது "கலூப்பிலே எடு" என்று என்னைப் பார்த்துக் கை நீட்டினார். கறிவேப்பிலை. இன்னொரு சட்டியில் பிரெத் முருங், அதாவது முருங்கைக் கீரை. கோயிலில் அவர் தமிழ்ப் பாட்டெல்லாம் பாடுவார், பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்த பழைய நோட்டு ஒன்று அவர் அப்பாவுடையது. இன்று அதைக் கொண்டுவந்திருந்தார், எனக்காக. ஒரு வரியைக் காட்டி இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். கையெழுத்தும் மங்கல், எழுத்துக்கூட்டலும் வேறு, வாய்விட்டு நாலைந்து முறை படித்த பிறகுதான் "துள்ளி வரும் வேல்" என்று பிடிபட்டது. சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வேல் எப்படித் துள்ளும் என்று கேட்டார். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, மீன் துள்ளுமே அந்த மாதிரி என்று கையைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே அதை நோட்டின் ஓரத்தில் கிரெயோலில் எழுதி வைத்துக்கொண்டார்.

மதியம் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். போனை ஒரு சுற்று சுற்றிக் காட்டினேன்.

"இது நம்ம சவுக்குத் தோப்பு மாதிரியே இருக்கேடி."

சவுக்குதாம்மா, இங்கே ஃபிலாவோ என்பார்கள் என்றேன். அக்கா கேமராவுக்குள் எட்டிப் பார்த்து, கை கூப்பி "வனக்கம்" என்றார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், விடாமல் ஐந்து நிமிஷம் தமிழில் பேசினாள், அக்கா ஒன்றும் புரியாமல் ஐந்து நிமிஷமும் தலையாட்டினார். கடைசியில் அம்மா என்னிடம், "அது யாரு, எந்தத் தெரு?" என்றாள்.

மூன்று மணிக்குத் தூறல் ஆரம்பித்தது. சட்டியில் ஒட்டியிருந்த மசாலாவில் சோற்றைப் போட்டுப் பிரட்டி எல்லாருக்கும் கடைசி உருண்டை கொடுத்துவிட்டு, அடுப்பில் மண்ணைப் போட்டு அணைத்து, பாத்திரத்தை வண்டியில் ஏற்றினோம். அண்ணன் எரிமலைப் பக்கம் ஒரு நாள் போகலாம் என்று ஆரம்பித்திருக்கிறார், ஆகஸ்ட் விடுமுறையில். வீட்டுக்காரர் அங்கே கார் எதுவரைக்கும் போகும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.